நடுப்பக்கத்தில் பேசாத மனிதன்

ஒரு புத்தகத்துக்கு நிறம் மாற்றிச் சீட்டு ஒட்டிவிட்டதால், நூலகத்தின் இளையோர் அறிவியல் அறைக்குள் போன பெண் மூன்று வருஷம் வெளியே வர முடியாமல் இருந்தாள். சீட்டை ஒட்டியது அவளைப் பெற்ற அம்மா. வேறு யாராவது ஒட்டியிருந்தால் ஊர் இத்தனை பேசியிருக்காது.

அம்மாவைப் பசைக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வருகிற புதுப் புத்தகத்துக்கெல்லாம் முதுகில் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. சாப்பிட உட்காரும்போதும் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டேதான் உட்காருவாள். இளையோர் அறிவியலுக்கு இரண்டே நிறம். நிஜமான அறிவியல் என்றால் நீலம், அறிவியலை வைத்துக் கட்டிய கதை என்றால் மஞ்சள். புத்தகம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்போது ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் நூலகர் ஒரு சுருக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். நடுப்பக்கத்தைத் திறக்க வேண்டியது. அங்கே யாராவது பேசிக்கொண்டிருந்தால் கதை. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்றால் அறிவியல். காந்தமும் எரிமலையும் எங்கே பேசப்போகின்றன? வருஷக்கணக்காக இந்த வழி பிசகாமல் ஓடியது. பிசகாமல் ஓடியே ஆகவேண்டும். ஏனென்றால் அந்த அறைக்குள் நீலச் சீட்டுப் புத்தகம் என்ன சொல்கிறதோ அது நடக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நிஜம் எப்படியும் வெளியிலும் நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எரிமலைப் புத்தகத்தைத் திறந்தால் மேஜை கதகதவென்று சூடாகும், குளிர்காலத்தில் அந்த மேஜைக்குத்தான் போட்டி. கிரகங்கள் ஒன்பது என்கிற பழைய புத்தகமும் எட்டு என்கிற புதுப் புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், கூரையில் தெரிந்த கிரகங்களில் கடைசிப் புள்ளி மட்டும் பழுதான டியூப்லைட் போல விட்டு விட்டு எரியும்.

அப்படி இருக்கையில்தான் அந்த நாவல் வந்தது. விண்கலத்தில் ஒரு அறைக்குள் மாட்டிக்கொண்ட மனிதனைப் பற்றியது. அந்த அறையில் இடமே துணி மாதிரி மடிந்துபோய்விட்டது, ஆள் நுழையும் அளவுக்கு எந்தத் திறப்பு வழியாகப் போனாலும் திரும்ப அறைக்குள்ளேதான் வந்து நிற்பான். எழுதியவர் சும்மா எழுதவில்லை. அம்புக்குறி போட்ட வரைபடம் என்ன, அட்டவணை என்ன, பின்னால் சொல்லடைவு என்ன, அமர்க்களம் பண்ணியிருந்தார். பசைக்காரம்மா நடுப்பக்கத்தைத் திறந்தாள். அந்த மனிதன் தனியாக உட்கார்ந்திருந்தான். தனியாக இருக்கிறவன் யாரோடு பேசுவான்? பேசவில்லை. நீலத்தை ஒட்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டவுட்டு என்று பெயர். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பும் முன்பே கையைத் தூக்கிவிடுவாள். மழை கொட்டிய ஒரு சாயங்காலம், அறையில் வேறு யாரும் இல்லாத நேரம், அவள்தான் முதல் ஆளாக அந்தப் புத்தகத்தைத் திறந்தாள். மூடும் நேரம் ஆகிவிட்டது என்று காவலாளி குரல் கொடுக்க, பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தாண்டின கால் அறைக்குள்ளேயே வந்து விழுந்தது. மறுபடி போனாள், மறுபடி வந்தாள். காவலாளிக்குக் கதவு திறப்பதும் மூடுவதும் தெரிந்தது, செருப்புச் சத்தம் கேட்டது, ஆளைக் காணோம். அவன் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நுழைந்தால் நுழைந்த வேகத்தில் நடைபாதைக்கே வந்து நின்றான். உள்ளே இருப்பவள் உள்ளேயே, வெளியே இருப்பவன் வெளியேயே. கதவு அந்த விஷயத்தில் பாரபட்சம் பார்க்கவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை இறக்கிவிடுவதே அவர் பிழைப்பு. பையும் கையுமாக ஓடி வந்தவர், கீலைக் கழற்றினார், நிலையைக் கழற்றினார், கடைசியில் ஜன்னல் கம்பியில் இரண்டை அறுத்தார். மகள் ஜன்னல் வழியாகக் குதித்தாள். குதித்தவள் வாசல் வழியாக அறைக்குள் வந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். லிஃப்டில் மாட்டியவர்களிடம் சொல்கிறதையே சொன்னார்.

"பதறாத கண்ணு. காத்து வருதுல்ல?"

"காத்து வருதுப்பா. நான்தான் வரமாட்டேங்கிறேன்."

கையளவு சாமான்கள் மட்டும் ஜன்னல் வழியே போய்வந்தன. சாப்பாடு போனது, பாத்திரம் வந்தது. வளர வளரப் பெரிய அளவில் உடுப்பு போனது. நல்லவேளை, கட்டிடம் கட்டியவர் அந்த அறைக்குள்ளேயே ஒரு கழிவறை வைத்திருந்தார், அதன் கதவு மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. பரீட்சைத் தாளும் ஜன்னல் வழியாகவே போனது. மேற்பார்வையாளர் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, காப்பியடிக்கிறாளா என்று கம்பி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆயிரம் புத்தகம் இருக்கும்போது அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்கக் கூடாது. அந்தப் புத்தகம் மட்டும் வெளியே வரவில்லை. வீசி எறிந்தால் திரும்ப மேஜைமேலேயே வந்து விழுந்தது.

பசைக்காரம்மா முதல் நாளே மஞ்சள் சீட்டோடு வந்துவிட்டாள். மகள் புத்தகத்தை ஜன்னலோரம் பிடித்துக்கொள்ள, கம்பிக்குள் கையை விட்டு நீலத்தைக் கிழித்துவிட்டு மஞ்சளை ஒட்டினாள். அது காய்ந்த இலை போல உதிர்ந்தது, அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. பசையை மாற்றினாள். புது டப்பா திறந்தாள். மாவு காய்ச்சிக்கூட ஒட்டிப் பார்த்தாள். ஒட்டியவர்தான் மாற்ற வேண்டும் என்பது நூலக வழக்கம், ஆகவே நூலகர் ஒட்டியும் பலன் இல்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தப்பு பசையில இல்லம்மா. நீங்க மனசுல இன்னும் இதை நிஜம்னுதானே நினைக்கிறீங்க?"

"பின்ன? என் பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறா. இதைவிட நிஜம் என்ன சார் இருக்கு?"

அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

வேலை முடிந்ததும் காலிப் புத்தகப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஜன்னலடியில் உட்காருவது பசைக்காரம்மாவுக்கு வழக்கமானது. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான புத்தகத்துக்கு முதுகு பார்த்தவள், ஒன்றையும் வயிறு பார்த்ததில்லை. மகள் அவளுக்குப் படித்துக் காட்டினாள். ஒரு நாள் சூரியனைப் பற்றிய நீலப் புத்தகம். எத்தனையோ கோடி வருஷம் கழித்துச் சூரியன் ஊதிப் பெருத்து, பிறகு அணைந்துபோகும் என்று அதில் இருந்தது.

"அட, நல்லா இல்லயே. வேற மாதிரி படி," என்றாள் அம்மா.

"வேற மாதிரி படிக்க முடியாதும்மா. அது அப்படித்தான்."

"நான் கேட்டாக்கூடவா?"

"யாரு கேட்டாலும் அப்படித்தான்."

பசைக்காரம்மா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், சூரியன் அதைக் கண்டுகொள்ளாமல் மறைந்தது.

முதல் வருஷம் டவுட்டு நீலம், மஞ்சள் இரண்டு அலமாரியையும் படித்து முடித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று, கறுப்புத்துளை என்றால் என்ன, தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருஷம் அவளுக்கு அந்த அறை வெறுத்துவிட்டது. எந்த ஓடு ஆடும், எந்த நாற்காலி எந்தக் காலில் நொண்டும், கூரையின் ஒன்பதாவது புள்ளி எப்போது அணையும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தது. காற்று வந்தாலும் அது தான் விட்ட மூச்சே திரும்பி வருவதுபோல இருந்தது. ஒரு நாள் எல்லாப் புத்தகத்தையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வாரக்கணக்கில் யாரோடும் பேசவில்லை. அம்மா கம்பிக்குள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் அந்தக் கையை மகள் பிடிப்பாள், சில நாள் கை வெறுமனே திரும்பி வரும்.

கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் முன் ஜன்னலில் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வருஷம் அவர்களில் ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் ஒரு சாயங்காலம், தட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "வெளிய என்னம்மா இருக்கு? எல்லாம் இங்கயே இருக்கு. தினமும் அந்த வாசல்ல நடந்து பாக்குறதைக்கூட விட்டுட்டேன்."

பசைக்காரம்மா வாங்கிய தட்டைக் கீழே வைத்தாள். கதவு மகளை விடாததைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். மகள் கதவை விட்டதைத் தாங்க முடியவில்லை.

"அந்தப் புத்தகத்தை எடு," என்றாள். "எந்தப் பாவி என்ன எழுதி வச்சிருக்கான்னு எனக்கும் தெரியணும். முதல்ல இருந்து படி."

மகள் அதை மறுபடி தொடுவதில்லை என்றிருந்தாள். அம்மா விடவில்லை. நாளுக்குக் கொஞ்சமாகப் படிக்கப் படிக்க அம்மாவின் நம்பிக்கை கூடிக்கொண்டுதான் போனது. ஒவ்வொரு வரிக்கும் "ஆமா, அப்படியேதான், உனக்கும் அப்படித்தானே ஆச்சு" என்று தலையாட்டினாள். நடுப்பக்கம் வந்தது. மனிதன் உட்கார்ந்திருந்தான், பேசவில்லை. கடைசிப் பக்கம் வந்தது, அப்போதும் உட்கார்ந்திருந்தான். கீழே, மீதி இரண்டாம் பாகத்தில் என்று போட்டிருந்தது. நூலகம் முதல் பாகத்தை மட்டும்தான் வாங்கியிருந்தது. நூலகங்கள் அப்படித்தான் வாங்கும். பதிப்பகத்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்ததில், அது இருந்த இடத்தில் இப்போது குடை விற்கிறார்கள் என்று தெரிந்தது.

"அப்ப அவன் அங்கயேதான் கிடக்கானா?"

"ஆமா."

"வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசலயே அந்தப் பையன்."

"யார்கிட்டம்மா பேசுவான்?"

"ஏன், வெளிய ஒருத்தி உக்காந்திருக்கான்னு வையேன்."

மகள் புத்தகத்தை நடுப்பக்கத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தாள். விண்கலத்தின் ஜன்னலுக்கு வெளியே, நட்சத்திரங்களுக்கு நடுவே, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். யாரது என்று மனிதன் கேட்டான்.

"குரல் எப்படி இருந்துச்சு? கம்மிப் போயிருக்குமே. தண்ணி குடிக்கச் சொல்லு."

மனிதன் தண்ணீர் குடித்தான்.

"பரட்டைத் தலையோட இருப்பான். சீவிக்கட்டும்."

"விண்வெளியில சீப்பு ஏதும்மா?"

"வெளிய இருக்கிறவ கொண்டுவந்திருக்கா. எந்த அம்மா சீப்பு இல்லாம வருவா?"

மனிதன் தலை சீவினான். இப்படியே நாட்கள் போயின. அம்மா கேட்டதெல்லாம் நடந்தது. அவனுக்கு ஒரு நாற்காலி வந்தது, முதுகு வலி போனது, பேசிப் பேசி அவன் சிரிக்கவும் செய்தான். டவுட்டுவும் சிரித்தாள், ரொம்ப நாள் கழித்து. வெளியே கேட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகளும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தன் அவனுக்கு ஒரு நாய் கொடுக்கச் சொன்னான், நாய் வந்தது. கலத்துக்குள் அது எங்கே ஒன்றுக்குப் போகும் என்று பெரிய விவாதம் நடந்தது.

ஒரு சாயங்காலம் அம்மா சொன்னாள்: "போதும். அவனை வெளிய விட்டுடு."

"எப்படிம்மா?"

"எப்படியோ. வாசல்ல நடக்கச் சொல்லு, வெளிய வரட்டும்."

மகள் படித்தாள். மனிதன் எழுந்தான். நாய் முன்னால் ஓடியது. வாசலைத் தாண்டினான், மறுபக்கம் அறை இல்லை.

பசைக்காரம்மா விரலில் இருந்த பசையை உரிப்பதை நிறுத்தினாள். "ஏன்டி, நான் சொன்னேன்னு மாத்திட்டியா?"

"நீதானே கேட்ட?"

"அன்னைக்கு அந்தச் சூரியனையும்தான் கேட்டேன். யாரு கேட்டாலும் அப்படித்தான்னு சொன்ன. இவன் மட்டும் நாம சொல்றதெல்லாம் கேக்குறானே." கொஞ்சம் யோசித்தாள். "நிஜம் இப்படி இளிச்சிக்கிட்டு நாய் வளர்க்குமா? இது கதைடி. யாரோ உக்காந்து எழுதினது. நான்தான் பாக்காம ஒட்டிட்டேன்."

இடுப்புப் பையில் மூன்று வருஷமாக வைத்திருந்த மஞ்சள் சீட்டை எடுத்தாள், அது ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. பசை கொண்டுவரவில்லை, விரலில் மிச்சமிருந்ததைத் தடவினாள். கம்பிக்குள் கையை விட்டு ஒட்டி, எல்லாப் புத்தகத்துக்கும் செய்வதுபோல, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். சீட்டு நின்றது.

அப்பாவை வேலையிடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து வாசலில் நின்று, இத்தனை வருஷமாக லிஃப்டில் இருந்து இறங்கும் எல்லோருக்கும் நீட்டுவதுபோலக் கையை நீட்டினார். "மெதுவா வாங்க. படி கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும்," என்றார், மகளிடம் மரியாதை போட்டுப் பேசுகிறோம் என்பதுகூடத் தெரியாமல். டவுட்டு காலை எடுத்து வைத்தாள். நடைபாதை அவளுக்கு ரொம்ப நீளமாகத் தெரிந்தது. பாதி தூரம் போனபின் ஒரு தடவை நின்று, பின்னால் திரும்பி, அறை அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அவள் கல்லூரிக்குப் போனாள், வெளியூருக்கு. புத்தகம் இப்போது மஞ்சள் தட்டில் இருக்கிறது, நிறைய பேர் எடுத்துப் போகிறார்கள். நடுப்பக்கத்தில் மனிதன் நாயோடு பேசிக்கொண்டிருக்கிறான். முன்பு அப்படி இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, நூலகர், கிழிக்காமல் திருப்பித் தந்தால் போதும் என்றார். பசைக்காரம்மா இப்போதும் நடுப்பக்கம்தான் பார்க்கிறாள், ஆனால் யாரும் பேசவில்லை என்றால் கூடவே இரண்டு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு ஒட்டுகிறாள். அந்த அறைக்குள் போகும் பிள்ளைகள் மட்டும், திரும்பும் வழி மூடிவிடாமல் இருக்கட்டும் என்று, ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். படிப்பு மும்முரத்தில் மறந்துபோய் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. மூடும் நேரத்தில் காவலாளி அவற்றை நடைபாதையில் வரிசையாக அடுக்கி வைப்பான், மறுநாள் வந்து அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.