பாட்டிலில் மிச்சம் இருந்தது

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சைக்கிள்தான். அந்த வாரம் மனைவியின் அண்ணனும் கூட வந்தார். ரொட்டிக்கடை வைத்திருப்பவர், கனத்த உடம்பு. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்.

கிளம்பும்போதே கண்ணாடிக்கடைக்காரர் பாடம் எடுத்தார். "வெறும் தண்ணி மட்டும் பத்தாது மச்சான். வேர்வையோட உப்பும் போயிடும். இந்த எலக்ட்ரோலைட் பொடியைக் கலந்து வச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். ஒரு பாக்கெட் வாங்கிக்குங்கன்னு அன்னிக்கே சொன்னேனே."

"மறந்தே போச்சு மாப்ள," என்று சிரித்தார் மச்சான். அவர் பாட்டிலில் இருந்தது குழாய்த் தண்ணீர்.

ஏரி வரை போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். வெயில் ஏறிவிட்டது. மச்சானின் கறுப்புச் சட்டையில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பாதி மேட்டில் இறங்கி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீரையெல்லாம் முன்பே மடமடவென்று குடித்துத் தீர்த்திருந்தார்.

"மாப்ள, அந்த உப்புத்தண்ணி ஒரு வாய் இருக்குமா?"

இவர் கீழே இறக்கி வைத்த முதுகுப்பையில் பாதி பாட்டில் இருந்தது. வீட்டுக்குப் போய் ஆற அமரக் குடிக்க வைத்திருந்தது. சொன்னதைக் கேட்காதவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று ஓர் எரிச்சல். போதாததற்கு, மச்சான் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பவர்.

"காலியாயிடுச்சு மச்சான்."

"சரி, விடுங்க."

சற்று நேரத்தில் மச்சான் எழுந்து மறுபடி மிதித்தார். வளைவில் கால் சுருட்டி இழுத்தது. சைக்கிளோடு சாய்ந்து விழுந்ததில் முழங்கை உரிந்தது. மீதி வழியெல்லாம் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள்.

வீட்டில் மனைவி அண்ணனின் காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். பிறகு பாட்டில்களைக் கழுவ எடுத்துப் போனவள் அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, இவ்வளவு மிச்சம் இருக்கே. அண்ணனுக்குக் கொடுக்கலையா?"

இவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நான்தாம்மா வேணாம்னுட்டேன்," என்றார் மச்சான். "அந்த வாசனை எனக்கு ஒத்துக்காது."

"நல்லா இருக்கே. சின்னப் புள்ளையா நீ?" என்று கடிந்துகொண்டே அவள் உள்ளே போனாள். இவருக்குக் காது மடல் கொதித்தது.

மச்சானை வழியனுப்ப வாசல் வரை போனார். "மச்சான், மேட்டுல நீங்க கேட்டப்போ..."

"தெரியும் மாப்ள. பையைக் கீழ வச்சீங்களே, அப்பவே குலுங்குற சத்தம் கேட்டுச்சு."

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"மன்னிச்சிடுங்க." அது இவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவகிட்ட சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படுவா," என்று சொல்லிவிட்டு மச்சான் நொண்டியபடி தெருமுனையில் திரும்பினார்.

ஆனாலும் மத்தியானம் சாப்பிடும்போது இவர் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"கேட்டுமா கொடுக்கலை?" என்றாள் அவள். இவர் தலையசைத்தார். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மச்சானின் முழங்கை ஆறிய பிறகு இவர் ரொட்டிக்கடைக்குப் போனார். மச்சான் எப்போதும்போலச் சிரித்து, சூடான ரொட்டியாகப் பார்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிடத்தான் இவர் போனது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கூப்பிடாமலே திரும்பினார்.