மனவயது பதினான்கு

என் மகள் செல்லக்கிளியின் மூளைக்கு ஒருமுறை விலை கட்டினார்கள். பதினான்கு. ரூபாய் அல்ல, வயது.

அவளுக்கு அப்போது பத்துதான். சமயநல்லூரில் எனக்குப் புளிக்கடை. மதுரையில் பயிற்சி முடித்து வந்திருந்த சுந்தரம்மாள் டீச்சர், பிள்ளைகளைக் கேள்வி கேட்டுச் சோதித்தார். மூன்று படி, ஐந்து படி என இரண்டே பாத்திரங்கள். குடத்தில் சரியாக ஏழு படி தண்ணீர் ஊற்ற வேண்டும். செல்லக்கிளி ஐந்தை நிரப்பினாள், அதிலிருந்து மூன்றை நிரப்பினாள், மிஞ்சிய இரண்டைக் குடத்தில் விட்டாள், மறுபடி ஓர் ஐந்து. டீச்சர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்: ‘மனவயது 14. நுண்ணறிவு ஈவு 140.’ மதுரை விடுதிப் பள்ளியில் சேர்க்க அது போதும் என்றார். எங்கள் கடைத்தெருவில் ஈவு என்ற சொல் இரக்கத்துக்கு முன்னால்தான் வரும்; அதுவும் விலையைக் குறைக்கச் சொல்கிறவர் வாயில்.

பெருமையில் அந்தத் தாளை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்தேன். சரக்கை மிஞ்சிப் புகழ்ந்தால் வேண்டாத ஆள் வாங்க வருவான் என்று தெரிந்திருந்தும் வாசித்தேன். எழுமலையிலிருந்து என் மனைவியின் அண்ணன் தவசி வந்தார். தன் மகன் முத்திருளனுக்கு இவள்தான் என்று பிறந்த அன்றே சொல்லிவைத்தவர். பெண்ணுக்குப் பதினான்கு ஆகாமல் முடித்தால் சாரதா சட்டத்தில் ஜெயில் என்பதால் பொறுத்திருந்தார்.

“காயிதத்துலயே பதினாலுன்னு போட்டிருக்காமே மாப்ள. தையில முடிச்சிருவோம்.”

“அது மூளைக்கு, மச்சான்.”

“மூளையை ஒங்க வீட்டுல வச்சுட்டா வாழ வரப்போகுது? மதுரைக்குப் போன புள்ள திரும்பி வந்து மாடு புடிச்சுக் கட்டுமா?”

பேரம் பேசியே வளர்ந்தவன் நான். அன்றைக்குப் புளிமூட்டையின் வாயைக் கட்டத் திரும்பிக்கொண்டேன். கடையின் அளவுப் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்த செல்லக்கிளி தலை நிமிராமல் கேட்டாள்.

“மாமா, சட்டத்துல ஆம்பளைக்குப் பதினெட்டாமே. மச்சான் மூளைக்கு எம்புட்டுன்னு பாத்தாச்சா?”

வாசலில் வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான் முத்திருளன். வயது இருபது. அழைத்துவந்து அதே படிக்கணக்கைக் கேட்டோம். வெகுநேரம் பாத்திரங்களைப் பார்த்தான்.

“எங்க வீட்டுல ஏழு படி புடிக்கிற பானையே கெடக்கே,” என்றான்.

செல்லக்கிளி டீச்சரைப் போலவே மூக்கைத் தடவிக்கொண்டு, “ஒம்பது,” என்றாள்.

தவசி சிரித்துவிட்டார். பேரத்தில் முதலில் சிரித்தவன் தோற்றவன். “பதினெட்டுக்கு இன்னும் ஒம்பது வருசம் பாக்கியாம்டா. வண்டியப் பூட்டு,” என்று மகனிடம் சொல்லி எழுந்தார்.

ஆனியில் மதுரை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் என்னையும் விடவில்லை.

“அய்யா, அந்த ஏழு படிய நீங்க எப்பிடி அளப்பீங்க?”

“விக்கிறவனாவா, வாங்குறவனாவா?”

“வாங்குறவருன்னு வைங்க.”

“மூணும் அஞ்சும் எட்டு அளந்துக்கிட்டு, ஏழுன்னு எழுதிக்கிருவேன்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். புளிக்கணக்குச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் ஏதோ எழுதி என் கையில் திணித்தாள். “ஒங்களுக்கு எம்புட்டுன்னு யோசிச்சுச் சொல்றேன்,” என்று பஸ் ஏறினாள்.

பதின்மூன்று வருடமாயிற்று. தல்லாகுளத்தில் இப்போது அவளே டீச்சர். முத்திருளனுக்கு எழுமலையிலேயே பெண் அமைந்து, மூன்று பிள்ளைகள். அந்தச் சீட்டு ஐந்து படிப் பாத்திரத்துக்குள் கிடக்கிறது. யாரும் இல்லாத மத்தியானங்களில் எடுத்துப் பார்ப்பேன். செல்லக்கிளி 14. முத்திருளன் 9. மூன்றாவது வரியில் ‘அய்யா’ என்று இருக்கிறது. அதற்கு நேரே பென்சில் முனை அழுந்திய ஒரு புள்ளி மட்டும்.