கோப்பிக்குப் பெண் பார்த்தோம்

கோப்பிக்குப் பெண் பார்க்கப் போகிறோம் என்று லியோங் எங்கள் அடுக்குமாடி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். லிஃப்டில் ஏறினால் ஒன்பதாவது மாடிக்காரி, "பொண்ணு நல்ல நிறமா?" என்று கேட்கிறாள். கீழே காய் வாங்கப் போனால் கடைக்காரர், "விருந்து எப்போ?" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோப்பி என் பிள்ளை இல்லை, முயல். பால் கலக்காத கடுங்கோப்பி நிறத்தில் இருப்பான், அதனால் அந்தப் பெயர். என் பெயர் ஹூன். லியோங் என் புருஷன், இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதை நினைத்து அழுகிற வயதெல்லாம் தாண்டியாகிவிட்டது. நான் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் மீன் உருண்டை நூடுல்ஸ் கடை போட்டிருக்கிறேன். காலையில் போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வீடு.

கோப்பிக்கு ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்தது. பண்டான் என்று பெயர். போன வருஷம் செத்துப்போனாள். அவள் இருந்தவரை கோப்பி என்னை ஒரு நாற்காலி அளவுக்குத்தான் மதித்தான். கீரை நீட்டினால் வாங்கிக்கொள்வான், அவ்வளவுதான். அவள் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினான். ஒரு சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து என் உள்ளங்கைக்கு அடியில் தலையைத் தாழ்த்தி வைத்தான். முயல் தலையைத் தாழ்த்துவது பணிவு இல்லை, உத்தரவு. 'என் நெற்றியை நக்கிவிடு' என்று அர்த்தம். நான் விரலால் நீவிவிட்டேன். அன்றிலிருந்து பத்து மாதம் தினமும் இதுதான். நிறுத்தினால் மூக்கால் இடிப்பான். லியோங் கையை நீட்டினால் எழுந்து போய்விடுவான். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அதைக் கெடுத்தவர் லியோங்தான். ஒரு நாள் பழைய போன் ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து, நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லாத நேரத்தைப் படம் பிடித்திருக்கிறார். சாயங்காலம் போட்டுக் காட்டினார். ஆறு மணி நேரம் கோப்பி வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அசையக்கூட இல்லை.

"பாத்தியா, என்னைத்தான் தேடுறான்" என்றேன்.

"ஹூன், இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு? புல்லைக்கூட தொடல. மனுஷனை இப்படி ஆறு மணி நேரம் உக்கார வச்சா விடுவியா?"

"ரெண்டு மணிக்கு நான் வந்துடறேன்ல."

"வந்து? அவன் பாஷை பேசுவியா நீ?"

இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பியைக் கூடையில் வைத்துக்கொண்டு யீஷூன் தொழிற்பேட்டையில் இருக்கிற முயல் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலாவது மாடி, படியெல்லாம் புல் வாசனை. ஜியாயுன் என்று ஒரு பெண், படித்துக்கொண்டே அங்கே வந்து சேவை செய்கிறவள், எங்களை வரவேற்றாள்.

"ஆன்ட்டி, முதல்லயே சொல்லிடறேன். உங்களுக்கு எது புடிச்சிருக்குன்னு நான் கேக்கப்போறதில்ல. அவனுக்குத்தான் புடிக்கணும்."

"அப்போ நான் எதுக்கு வந்தேன்?"

"கூடையைத் தூக்க" என்றார் லியோங்.

நடுவில் கம்பி வேலி போட்டு, கீழே பாய் விரித்து ஓர் இடம். அங்கே இதற்கு முன் கோப்பியும் இருந்ததில்லை, பெண்களும் இருந்ததில்லை. யாருடைய வீடும் இல்லாத இடத்தில்தான் முயல்கள் ஒன்றை ஒன்று பார்க்க வேண்டுமாம். முதலில் வந்தவள் பஞ்சு மாதிரி வெள்ளை. லியோங் வாயைப் பிளந்தார். கோப்பி அவளை மூன்று சுற்று துரத்தி முதுகு முடியைப் பிடுங்கினான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இரண்டாவது வந்தவள் நேராக இவன் முதுகில் ஏறிவிட்டாள். இவன் ஓடி வந்து வேலி ஓரமாக என் முழங்காலை ஒட்டி ஒண்டிக்கொண்டான்.

"பாவம், புள்ளைக்கு விருப்பமில்ல. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இன்னும் ஒருத்தி இருக்கா ஆன்ட்டி."

மூன்றாவது ஆள் வந்ததும் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒரு கண் இல்லை. ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது. பழுப்பும் இல்லாத மஞ்சளும் இல்லாத ஒரு நிறம், அதனால் ரொட்டியில் தடவுகிற கயா ஜாமின் பெயரை வைத்திருந்தார்கள். யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளைக்காரி மாதிரி இருந்தவளையே விரட்டியவன், இவளையா பார்க்கப்போகிறான்?

இரண்டும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து முகம் கழுவ ஆரம்பித்தன.

"புடிக்கல. திரும்பிக்கூடப் பாக்கல" என்றேன்.

"புடிச்சிருக்கு ஆன்ட்டி. பயம் இருந்தா முகம் கழுவாது."

கோப்பி எழுந்தான். மெதுவாக அவள் முன்னால் போனான். தலையைத் தாழ்த்தினான். அதே தலை, அதே சாய்வு, என் உள்ளங்கைக்கு அடியில் வைக்கிற அதே மாதிரி. அவள் நெற்றியை நக்கினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நிமிஷம். என்னிடம் அப்படி வர அவனுக்கு ஐந்து வருஷம் ஆனது. என் வயிறு எரிந்ததை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

"கோப்பி, கயா. ரொட்டி மட்டும்தான் பாக்கி" என்றார் லியோங். ஜியாயுன் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் மூன்று தடவை பாடம் நடத்தினாள். வீட்டில் இரண்டையும் தனித்தனி வேலிக்குள், பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு இவன் துண்டை அவளுக்கும் அவள் துண்டை இவனுக்கும் தினமும் மாற்றிப் போட வேண்டும், வாசனை பழகட்டும் என்று. எந்தக் காரணம்கொண்டும் அவளை அவன் இடத்துக்குள் விடக்கூடாது. எவ்வளவு பிடித்திருந்தாலும் தன் வீட்டுக்குள் வந்தால் அடித்துவிடுவான். மூன்று வாரம் கழித்து ஜியாயுனே வீட்டுக்கு வந்து பார்ப்பாள். நன்றாகப் போனால் தத்துப் பத்திரத்தில் கையெழுத்து.

"சரிவரலன்னா நான் திருப்பி எடுத்துக்கறேன் ஆன்ட்டி, கவலைப்படாதீங்க."

அவ்வளவு நேரம் பேசியதில் என் மனசில் தங்கியது இந்த ஒரு வரிதான்.

டாக்சியில் லியோங் கேட்டார். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"வெயில்."

"ஏசி ஓடிட்டிருக்கு."

வீட்டில் கோப்பி வேலியை ஒட்டிப் படுத்தான். அந்தப் பக்கம் அவளும் ஒட்டிப் படுத்தாள். நடுவில் கம்பி மட்டும். சாயங்காலம் நான் வழக்கம் போல தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு காது திரும்பியது, தலை திரும்பவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் துண்டுகளை மாற்றுவதற்குப் பதிலாகத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மாற்றிவிட்டேன் என்று லியோங்கிடம் சொன்னேன்.

"வந்து மூணு நாள் ஆகல, அதுக்குள்ள மயக்கிட்டியா?" என்று கயாவிடமே கேட்டேன். அவள் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தபடி புல்லை மென்றாள். பார்க்கிற பார்வையிலேயே திமிர் என்று எனக்குத் தோன்றியது.

நாலாம் நாள் மதியம் லியோங் வேலைக்குப் போன பிறகு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். தெரிந்துதான் செய்தேன். கயாவைத் தூக்கி கோப்பியின் வேலிக்குள், அவனுடைய பழைய போர்வையின் மேல், அவன் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓர் உறுமல், ஓர் உதை, கொஞ்சம் முடி பறந்தால் போதும். போட்டோ எடுத்து ஜியாயுனுக்கு அனுப்பி, 'சரிவரல' என்று எழுதிவிடலாம். போனைக்கூடக் கையில் தயாராக வைத்திருந்தேன்.

அவன் அவளுக்குக் கண் இல்லாத பக்கமாக வந்தான். அவளுக்குத் தெரியவே இல்லை. பாய்ந்து தோளைக் கவ்விவிட்டான். அவள் கத்தினாள். முயலுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போனை எறிந்துவிட்டு இரண்டுக்கும் நடுவில் கையை விட்டேன். அவன் என் கையையும் கடித்தான். பத்து மாதம் அவன் நெற்றியை நீவிய அதே கை.

மிருக டாக்டர் கயாவின் தோளில் இரண்டு தையல் போட்டார். "காயம் பெருசில்ல. சாப்பிடாம இருந்துட்டாதான் ஆபத்து. முயல் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே போயிடும்" என்று சொல்லி, பச்சை நிறத்தில் ஒரு புல் மாவும் ஊசி இல்லாத சிரிஞ்சும் கொடுத்தார். மாவைக் கரைத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாயில் விட வேண்டும்.

லியோங் வந்து பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றார்.

"வேலிக்கதவு திறந்து கிடந்துச்சு."

அவர் வேலியின் கொக்கியைப் பார்த்தார். என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். நேராகப் போய் ஜியாயுனுக்கு போன் போட்டார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாளாம். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். கயாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாவை விட்டேன். பாதியை என் முகவாயில் துப்பினாள். திமிறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யார் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கம்பிக்கு அந்தப் பக்கம் கோப்பி எங்களையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"சாப்பிடு. நீ செத்துப்போனா அப்புறம் அவன் என் மூஞ்சியில முழிக்க மாட்டான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் கஷ்டமா இருக்கும்" என்று சொன்னேன். யாரும் இல்லாததால் சொன்னேன்.

இரண்டாம் நாள் மதியம், கடைக்கு வாங்கி மிஞ்சிய கொத்துமல்லியில் ஒரு தண்டை மூக்கருகில் காட்டினேன். மூக்கு அசைந்தது. கழுத்தை நீட்டி ஓர் இலையைக் கடித்தாள். பிறகு தண்டையும் இழுத்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

சனிக்கிழமை ஜியாயுன் கூடையோடு வந்தாள். கயாவின் தையலைப் பார்த்தாள். கீழே கிடந்த துண்டை எடுத்து முகர்ந்தாள்.

"எலுமிச்சை சோப்பு வாசனை வருதே ஆன்ட்டி."

நான் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

"சரி, ஜோடி சேரல. எல்லாருக்கும் சேராது. நான் எடுத்துட்டுப் போறேன்" என்று கூடையைத் திறந்தாள். கயா என் கால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் குனிந்து தூக்கப் போனபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கதவு திறந்து கிடக்கல. நான்தான் தூக்கி அவன் இடத்துல வச்சேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான். துண்டையும் வேணும்னேதான் துவைச்சேன்."

"எதுக்கு?"

"பொறாமை. அஞ்சு வருஷம் கழிச்சு என்கிட்ட வந்தான். அவகிட்ட நாலு நிமிஷத்துல போயிட்டான்."

லியோங் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜியாயுனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவளை ஏற்கெனவே ஒருத்தர் பெட்டியில போட்டு வீசிட்டுப் போயிருக்காங்க. தெரியும்ல உங்களுக்கு?" என்றாள். ஆன்ட்டி என்ற வார்த்தை போய்விட்டிருந்தது.

"தெரியும். திட்டு, வாங்கிக்கறேன். ஆனா அவன் மேல தப்பில்ல. இவளைக் கொண்டுபோயிட்டா அவன் திரும்பவும் கதவைப் பாத்துட்டு உக்காருவான். இவளும் இப்பதான் சாப்பிட ஆரம்பிச்சிருக்கா, என் கையால." கட்டுப் போட்ட கையைக் கயாவின் முதுகில் வைத்தேன். "முதல்லேருந்து மூணு வாரம் குடு. கேக்கறேன்ல."

அவள் ரொம்ப நேரம் கூடையைத் திறந்தும் மூடியும் பார்த்தாள். கடைசியில், "நான் சொல்லாம கொள்ளாம வருவேன். துண்டை மோந்து பாப்பேன்" என்றாள். வெறும் கூடையோடு போனாள்.

மூன்று வாரம் துண்டுகளை மாற்றினேன், சோப்புப் பக்கமே போகவில்லை. அதன் பிறகு ஜியாயுன் சொன்னபடி எங்கள் குளியலறையில், யாருக்கும் சொந்தமில்லாத அந்த ஈரத் தரையில் பாய் போட்டு, இரண்டையும் விட்டேன். நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன், கையில் தடித்த கையுறையோடு. முகம் கழுவின. கோப்பி போய்த் தலையைத் தாழ்த்தினான். கயா கொஞ்சம் யோசித்துவிட்டு நக்கினாள். அப்போதும் எனக்கு எரிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஜியாயுன் மறுபடியும் ஆன்ட்டி என்று கூப்பிட்டாள்.

இப்போது வேலி கிடையாது. கோப்பி என்னைத் திரும்பவும் நாற்காலி அளவுக்கு மதிக்கிறான்.

போன வாரம் லியோங் மறுபடியும் அந்தப் பழைய போனை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் என்னை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். இரண்டு முதுகு, ஒட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம். ஆறு மணி நேரத்தில் புல்லைத் தின்றார்கள், தூங்கினார்கள், ஒருவரை ஒருவர் நக்கிக்கொண்டார்கள். கதவைப் பார்த்து யாரும் உட்காரவில்லை.

"பாத்தியா, உன்னை யாரும் தேடல. இப்ப நிம்மதியா இருக்கான்" என்றார் லியோங்.

"தெரியுது. கடைசி வரைக்கும் ஓட்டு."

"இதுக்கு மேல என்ன இருக்கு?"

"ஓட்டுன்னா ஓட்டேன்."

இரண்டு மணி ஆனது. பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. ஒரு முதுகு அப்படியே கிடந்தது. மற்றதிலிருந்து ஒரு தலை நிமிர்ந்து கதவுப் பக்கம் திரும்பியது. ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது.