பத்தாவது டிக்கெட்

சுவரில் நான்கு துளை போட்டு டிவியை மாட்டி முடித்ததும், சரவணக்குமார் இரண்டடி பின்னால் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான். அறுபத்தைந்து இஞ்ச். அதுவரை அந்தச் சுவரில் தொங்கிய கல்யாணப் படம் இப்போது பீரோவின் மேல் முகம் கவிழ்ந்து கிடந்தது.

“இனிமே தியேட்டரு எதுக்கு, கலை? இதுதான் தியேட்டரு.”

கலைமதி சிரித்தாள். கத்தாரிலிருந்து நாற்பத்தைந்து நாள் லீவில் வந்திருப்பவன். வந்து மூன்று நாள்தான் ஆகிறது. சிரிக்காமல் என்ன செய்வது?

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருந்த நாட்களில் அவன் போனில் கேட்டிருந்தான், உனக்கு என்ன பிடிக்கும் என்று. நகை, புடவை, ஊர் என்று ஏதாவது சொல்லுவாள் என எதிர்பார்த்திருப்பான். தியேட்டரில் படம் பார்க்கப் பிடிக்கும் என்றாள் அவள். புதுக்கோட்டையில் கல்லூரி படித்தபோது, பரீட்சை முடிகிற நாளில் தோழிகளோடு மேட்னி போவாள். விளக்கு அணைந்து, பெயர் போடத் தொடங்குவதற்கு முன் ஒரு கணம் எல்லாம் கறுப்பாக இருக்குமே, அந்தக் கணத்தில் தான் யாருடைய மகளும் இல்லை என்று அவளுக்குத் தோன்றும். அதை அவனிடம் சொல்லவில்லை. “அம்புட்டுதானா? கல்யாணம் முடிஞ்ச மறுநாளே போவோம்” என்று அவன் சொன்னான்.

மறுநாள் பெரியப்பா வீட்டில் விருந்து. அதற்கு மறுநாள் வல்லத்திராக்கோட்டையில் தாய்மாமன் வீட்டு விருந்து. முப்பத்தெட்டு நாள் இப்படி இலை இலையாகப் போய், அவன் விமானம் ஏறினான். பிறகு இரண்டு வருடம் போனில் குடித்தனம். இந்த லீவுக்கு அவள் வேறெதையும் கேட்கவில்லை. பெயர் போடுவதிலிருந்து கடைசி வரை, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் எழுந்திருக்காமல் ஒரு படம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

டிவி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கூடம் நிறைந்தது. பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவனுடைய அக்கா மணிமேகலை இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன், எதிர்வீட்டுக்காரர்கள், அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேர். ஜன்னலில் போர்வையைக் கட்டினார்கள். சவுண்டுபாரில் முதல் சத்தம் வந்தபோது அடுக்களையில் தட்டுகள் அதிர்ந்தன. கலைமதி அங்கேதான் இருந்தாள்.

“ஏத்தா கலை, அப்படியே எல்லாருக்கும் ஒரு வாய் டீ போட்டுரு” என்றாள் மாமியார் காத்தாயி. கடிந்து சொல்லவில்லை. காத்தாயி யாரையும் கடிந்து சொல்பவள் இல்லை. “இருட்டுல பாத்துப் போத்தா” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மலையூர் ஒன்றில் ஒரு டாக்டரைக் கொன்றுவிடுகிறார்கள். கொன்றது யார் என்பதுதான் படம். கலைமதி டாக்டர் சாவதைப் பார்த்தாள். பிறகு பால் பொங்கியது. திரும்பி வந்தபோது ஒரு தோட்டக்காரனைப் போலீஸ் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தைக்குப் பிஸ்கட், எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை இல்லாமல் தனி டீ, வெங்காய பஜ்ஜி இரண்டாவது ஈடு. எண்ணெயிலிருந்து பஜ்ஜியை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில் கூடமே கத்தியது.

“அட, இவனா!”

“நான் அப்பவே சொன்னேன்ல?”

“எப்ப சொன்ன? வாய்ல பஜ்ஜிய வச்சுக்கிட்டு என்னத்தச் சொன்ன?”

கரண்டியோடு அவள் வாசற்படிக்கு வந்தபோது திரையில் எழுத்துகள் மேலே போய்க்கொண்டிருந்தன. யார் கொன்றது என்று கேட்டாள். ஆளுக்கொன்றாகப் பேசியதில் ஒன்றும் விளங்கவில்லை. “நீ மறுபடி போட்டுப் பாத்துக்கயேன். வீட்டுலதான இருக்கு, எங்க ஓடிறப்போவுது” என்றான் சரவணக்குமார்.

அவன் சொன்னது சரிதான். அது எங்கும் ஓடவில்லை. அதைப் பார்க்கிற மூன்று மணி நேரம்தான் அந்த வீட்டில் எங்கும் இல்லை.

லீவில் முப்பத்தைந்து நாள் கழிந்திருந்தபோது ஆவூரிலிருந்து டேவிட் வந்தான். கத்தாரில் சரவணக்குமாரோடு ஒரே அறையில் இருப்பவன். அவனும் லீவில் வந்திருந்தான். மூன்று வீடுகளுக்குக் கேட்கிற குரல்.

“டேய் மாப்ள, என்னடா இது, கொட்டகையே கட்டி வச்சிருக்க!” என்று டிவியைப் பார்த்துச் சொன்னவன், டீ கொண்டுவந்த கலைமதியின் பக்கம் திரும்பினான். “தங்கச்சி, இவனுக்கு இது பத்தாது, தெரியும்ல? அங்க வியாழக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா இவனக் கையில புடிக்க முடியாது. நேரா தியேட்டர்தான். என்ன படம், என்ன பாஷை, ஒண்ணும் பாக்க மாட்டான்.”

“ஏய், டீயக் குடிடா” என்றான் சரவணக்குமார்.

“இருடா. ரூம்ல நாங்க எட்டுப் பேரு, தங்கச்சி. ஒருத்தன் போன் பேசுவான், ஒருத்தன் கறி வதக்குவான், ஒருத்தன் கொறட்ட. நாங்ககூட வாரோம்டான்னா விட மாட்டான். தனியாத்தான் போவேம்பான். அந்த இருட்டுல போயி உக்காந்தாத்தான் ஒரு வாரத்துக்கு மூச்சு விட முடியுதும்பான்.”

கலைமதியின் கையில் தட்டு அப்படியே இருந்தது. டேவிட் அதிலிருந்து முறுக்கை எடுத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அவன் கிளம்பிய பிறகு, துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அங்க வாராவாரம் போவீங்களா?”

“அங்க ரூம்ல டிவி இல்ல, கலை. இங்க இருக்குல்ல.”

“டிவி இருந்தா போயிருக்க மாட்டீங்களா?”

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்குப் புரிந்துவிடும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. மூச்சு விடுவதைப் பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும்?

“சரி, இப்ப என்ன, ஒனக்குத் தியேட்டருக்குப் போவணும். அம்புட்டுதான? இந்த ஞாயித்துக்கெழமை போவோம்.”

சனிக்கிழமையே அவள் புடவையை எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. காத்தாயி தலையில் பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். மணிமேகலை, அவள் புருஷன், குழந்தை, பள்ளித் தோழர்கள் இரண்டு பேர்.

“ஏழு டிக்கெட் போட்டுட்டேன்” என்றான் சரவணக்குமார், எல்லாரையும் சந்தோஷப்படுத்திவிட்டவனின் முகத்தோடு. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதனாலேயே அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை.

உள்ளே ஆண்கள் பின்வரிசைக்குப் போனார்கள், பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் அப்படிப் பிரித்துவைக்கவில்லை. பந்தியில் உட்காருவதைப் போல அதுவாக நடந்தது. கலைமதி திரும்பிப் பார்த்தாள். அவன் மூன்று இருக்கை தள்ளி, நண்பனின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்தது. அந்தக் கறுப்புக் கணம் வந்தது. இதுவாவது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பெயர் போடும்போதே துப்பாக்கி வெடித்தது. குழந்தை வீறிட்டது. மணிமேகலை மடியில் போட்டு ஆட்டினாள், வாயைப் பொத்தினாள், அடித்தாள். முன்னாலிருந்து ஒருவன், “வெளிய தூக்கிட்டுப் போங்கக்கா” என்றான்.

“ஏத்தா கலை,” காத்தாயி இருட்டில் அவள் முழங்கையைத் தொட்டாள். “நீ கொஞ்சம் வெளிய வேடிக்க காட்டிட்டு வந்துருத்தா. இவகிட்டன்னா இன்னும் அழுவுது.”

இரண்டு முறை திரும்பி வந்து பார்த்தாள். கதவைத் திறந்தாலே குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது. பிறகு வரவில்லை. பாப்கார்ன் விற்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, பஞ்சு வைத்துத் தைத்த கதவு வழியாகப் படத்தைக் கேட்டாள். உள்ளே எல்லாரும் ஒரே சமயத்தில் சிரிப்பது, வயலில் எங்கோ மோட்டார் ஓடுவதுபோல இருந்தது.

இடைவேளையில் சரவணக்குமார் வெளியே வந்தான்.

“என்ன கலை, இங்கயே நிக்கிற? படம் சூப்பரு.”

“பாப்பா உள்ள வர மாட்டேங்குது.”

“மாமாகிட்ட வாடா செல்லம்” என்று கையை நீட்டினான். குழந்தை அவன் மீசையைப் பார்த்துவிட்டுக் கலைமதியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. “ஒன்கிட்டதான் ஒட்டிக்கிச்சு. சரி விடு. நாலு வாரத்துல ஓடிடில வந்துரும். வீட்டுல நிம்மதியாப் பாத்துக்க” என்று சொல்லி இரண்டு பாப்கார்ன் வாங்கினான். ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே ஓடினான்.

நான்கு நாள் கழித்துத் திருச்சியில் விமானம் ஏறினான். அடுத்த வியாழக்கிழமை அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. இருட்டு, தூரத்தில் நீலமாய் ஒரு திரை, ஆளில்லாத முன்வரிசை. கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை. கலைமதி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவனுக்கு இரண்டு பக்கமும் இருக்கைகள் காலியாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை, ஆதாரில் விலாசம் மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு அரிமளத்தில் புதுக்கோட்டை பஸ் ஏறினாள். அது பொய்யில்லை. அப்பா பெயர் இருந்த இடத்தில் புருஷன் பெயரையும், அந்த வீட்டு எண்ணையும் சேர்க்கக் கொடுத்தாள். விரல் வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். ஒரு மணிக்கு முடிந்துவிட்டது. தியேட்டரில் அதே படம்தான் மூன்றாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

கவுண்டருக்குள் ஐயனார் என்று சட்டையில் பெயர் குத்திய ஆள் இருந்தார்.

“டிக்கெட் தாரேன். ஆனா பத்துப் பேரு சேந்தாத்தான் படம் போடுவோம்மா. இல்லாட்டி காசத் திருப்பிக் குடுத்துருவோம். ஏசி, கரண்டு எல்லாம் இருக்குல்ல?”

“இப்ப எத்தன பேரு?”

“ஒங்களோட எட்டு.”

படியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிப் பையன்கள் நான்கு பேர், ஒருவரோடு ஒருவர் பேசாத கணவன் மனைவி, மருந்துப் பை வைத்திருந்த ஒருவர். எல்லாரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றபோது பையன்கள் கைதட்டினார்கள். வந்தவர் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

“அண்ணே, அவரையும் எண்ணிக்கங்கண்ணே” என்றான் ஒரு பையன்.

“படம் பாக்க வந்தவுகளத்தான் எண்ணுவோம். ஒண்ணுக்கு இருந்தவுகள எல்லாம் எண்ண முடியாது.”

மணி இரண்டே முக்கால் ஆனது. ஐயனார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சொல்லப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கலைமதி கவுண்டருக்குப் போனாள். ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கையில் திணித்த பணம் பர்ஸின் உள்ஜிப்பில் இருந்தது.

“இன்னும் ரெண்டு குடுங்க.”

“யாரும் வாராகளாம்மா?”

“வீட்டுக்காரரும் அத்தையும். பின்னால வருவாங்க.”

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மூன்று டிக்கெட்டையும் சேர்த்துக் கிழித்துக் கொடுத்தார்.

நடு இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் காலி. விளக்கு அணைந்தது. துப்பாக்கி வெடித்தபோது அவள் தோள் தானாகக் குறுகியது. தூக்கிக்கொண்டு வெளியே போவதற்கு மடியில் யாரும் இல்லை.

படம் நன்றாக இல்லை. அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கதவுக்கு வெளியே நின்றபோது அந்தச் சிரிப்புகளுக்குள் அவள் வைத்துப் பார்த்த காட்சிகள் எவ்வளவோ மேல். பையன்கள் கொட்டாவி விட்டார்கள். மருந்துப் பைக்காரர் தூங்கிப்போனார். இதற்காகவா இரண்டு வருடம் என்று ஒருமுறை நினைத்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு போன் அதிர்ந்தது. சரவணக்குமார், வீடியோ கால். போனைத் திருப்பிப் பக்கத்து இருக்கையில் கவிழ்த்து வைத்தாள். அவனுக்கென்று வாங்கிய இருக்கையில் அவன் பெயர் விளிம்பு வெளிச்சமாக நடுங்கி, நடுங்கி, நின்றது. பிறகு காத்தாயியின் அழைப்பு வந்தது. அதுவும் நின்றது. எழுத்துகள் மேலே போய், வெள்ளைத் திரை வந்து, துடைப்பத்தோடு வந்த பெண், “எந்திரிங்கம்மா” என்று சொல்லும்வரை கலைமதி உட்கார்ந்திருந்தாள்.

“எத்தன தடவ போன் போடுறது? ஏத்தா இம்புட்டு நேரம்?” என்று வீட்டு வாசலிலேயே கேட்டாள் காத்தாயி.

“கூட்டம், அத்தே.”

பத்து நாளில் அந்தப் படம் ஓடிடிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் மறுபடி போர்வை கட்டினார்கள். போன தடவை தியேட்டரில் பாதியில் தூங்கிவிட்டதாகக் காத்தாயி ஒத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மணிமேகலையின் குழந்தை பாயில் உருண்டது. கத்தாரிலிருந்து சரவணக்குமார் வீடியோவில் வந்தான். போனை ஒரு செம்பில் சாய்த்து, அவனையும் கூடத்தைப் பார்க்க உட்காரவைத்தார்கள்.

“கலைய உக்காரச் சொல்லும்மா. அன்னைக்கு அவ பாக்கலைல்ல.”

“ஏத்தா கலை, வாத்தா. டீய அப்பறம் பாத்துக்கலாம், வந்து உக்காரு” என்றாள் காத்தாயி. உண்மையாகவே கூப்பிட்டாள், பக்கத்தில் இடம்கூட ஒதுக்கினாள்.

கலைமதி அடுக்களை வாசற்படியில் நின்றாள்.

“எனக்கு அந்தப் படம் புடிக்கல, அத்தே.”

“பாக்காமலே எப்புடித்தா புடிக்கலங்குற?”

எல்லாரும் சிரித்தார்கள். துப்பாக்கி வெடித்தது. பாயில் கிடந்த குழந்தை இந்த முறை அழவில்லை. பிஸ்கட்டைக் கடித்தபடி திரையைப் பார்த்தது.

“விடும்மா” என்றது செம்பில் சாய்ந்திருந்த போன். “அவளுக்கு சினிமாவே புடிக்காது போல. அன்னைக்கு தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயும் வெளியவேதான நின்னா.”

கலைமதி உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். இன்னும் பதினொரு நிமிடத்தில் எல்லாரும் முதல் தடவையாகச் சிரிப்பார்கள். அதற்குள் டீ கொதித்துவிடும்.