என் காலில் வளைந்த பரீனாவின் முழங்கால்

இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். அக்கரைப்பற்றுக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எத்தனை பேரை ஏசியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட எனக்கு, என் மனைவி பரீனா ஒரு தரம் முனகினால் கையும் ஓடாது, காலும் ஓடாது. நடந்த பிழைக்கெல்லாம் அதுதான் காரணம். சாக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

பரீனாவின் வலது முழங்கால் தேய்ந்துபோய், இந்த வருடம் செயற்கை மூட்டு வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, பிசியோதெரபி செய்யும் கஜேந்தினி எங்கள் போனில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். பக்கத்து ஊரான வீரமுனையில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவள். போனை ஒரு இலாஸ்டிக் பட்டியால் கணுக்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு, குதிகாலை இழுத்து இழுத்து முழங்காலை மடக்க வேண்டும். எத்தனை பாகை மடங்கியது, எத்தனை தரம் மடங்கியது என்று போனே எண்ணிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு இருபது தரம், குறித்த நேரத்தில். செய்தால் கட்டம் பச்சை, செய்யாவிட்டால் சிவப்பு. ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே கஜேந்தினி அதைப் பார்ப்பாள். ஆறு கிழமைக்குள், நாற்பத்திரண்டு நாளுக்குள், தொண்ணூறு பாகை மடங்காவிட்டால் உள்ளே இறுகிவிடும், பிறகு மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டிவரும் என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாள். மறுபடியும் ஒப்பரேஷன் தியேட்டர் என்றதும் பரீனாவின் முகம் வெளுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஒழுங்காகச் செய்தாள். நான்காம் நாள், ஏழாவது தரம் மடக்கும்போது தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். இன்றைக்கு மட்டும் விடச் சொன்னாள். விட்டேன். ஆனால் கட்டம் சிவந்தால் அந்தப் பிள்ளை போன் எடுத்து ஏன் என்று கேட்குமே. பட்டியைக் கழற்றி என் காலில் கட்டிக்கொண்டு, மற்றக் கட்டிலில் சாய்ந்து இருபது தரம் மடக்கினேன். நூற்றி இருபத்தொரு பாகை. கட்டம் பச்சையானது, செயலி வாழ்த்துக்கூடச் சொன்னது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நாளைக்கு அவள் செய்வாள் என்று நினைத்தேன். அந்த நாளை பன்னிரண்டு நாளாக நீண்டது. பரீனா முழங்காலுக்குக் கீழே தலையணையை வைத்து, கால் நோகாமல் படுத்திருந்தாள். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். சுகம் விசாரிக்க வந்தவர்களிடம் கால் நன்றாக வருகிறது என்று இரண்டு பேருமாகச் சொன்னோம்.

பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை கஜேந்தினி போன் எடுத்தாள். மூன்றாம் கிழமையில் நூற்றி இருபது பாகை தாண்டிய ஆளை இதுவரை பார்த்ததில்லை என்றாள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"ஐயா, எல்லாக் கட்டமும் பச்சை. ரெண்டு வெள்ளிக்கிழமையும் பகல் பன்னிரண்டுக்கும் ஒண்டுக்கும் இடையில மட்டும் சிவப்பு. அந்த நேரம் வீட்டுல இல்லாதது ஆரெண்டு எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனது நான். பரீனாவின் கால் வீட்டில்தான் கிடந்தது. எங்கள் ஊர்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் சாய்ந்தமருதுக்கு எங்கள் வீடு தேடி ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். காலை அளந்தாள். ஐம்பத்தெட்டு. தலையணையை எடுத்துத் தூர வைத்தாள். பரீனாவின் பக்கத்தில் இருந்து, வலி மாத்திரையை எப்போது போட்டுக்கொண்டு பயிற்சி தொடங்க வேண்டும், வீக்கத்துக்கு ஐஸ் எப்படி வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமைப் பகல் கட்டத்தை இரண்டு மணிக்கு மாற்றித் தந்தாள். போகும்போது என்னைப் பார்த்தாள்.

"இன்னும் மூண்டு கிழமை இரிக்கு ஐயா. அவங்க அழுதாலும் நீங்க எண்ணுறத நிப்பாட்டக் கூடாது."

எண்ணினேன். குதிகாலுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு எண்ணினேன். பரீனா அழுதாள், நானும் அழுதேன். அறுபத்தி நான்கு, எழுபது, எழுபத்தொன்பது. பச்சைக் கட்டத்தைப் பார்த்து ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு நாள் அவளுடைய உதடு துடிப்பதைப் பார்த்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டேன்.

"இன்னும் அஞ்சு இரிக்கி," என்றாள் பரீனா. "எண்ணுங்க."

ஆறாம் கிழமை கிளினிக்கில் கஜேந்தினி அளந்தாள். தொண்ணூற்றி மூன்று. தியேட்டர் தேவையில்லை என்றாள். அன்றைக்கு அவள் எங்களை ஏசிவிட்டுப் போனை வைத்திருந்தால் நாங்கள் எங்கே நின்றிருப்போம்? ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகத் துஆக் கேட்கிறேன் மகள் என்றேன். அவள் சிரித்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு நாள் பதிவை அழித்துவிடட்டுமா, டொக்டர் பார்த்தால் குழம்பிப்போவார் என்று கேட்டாள். அழித்துவிடுங்கள் என்று நான் முந்திக்கொண்டேன். அந்த வெட்கம் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

பரீனா என் பக்கம் திரும்பவே இல்லை. கஜேந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டொக்டருக்கு நான் சொல்றன் மகள். அத அழிக்காதீங்க. என்ட நோவு இவருக்கு எவ்வளவு நொந்திச்செண்டு வேற எங்கயும் எழுதி இல்ல."

ஓட்டோ பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.