குங்குமம் வைத்த எஃகு

அனுசுயாவின் வேலை துருவை ஆராய்வது. முத்தாபுதுப்பேட்டையில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

"அதுக்கு இன்னாத்துக்குமா காலேஜு? எங்கூட்டு கேட்டை வந்து பாரு" என்பார் பக்கத்து வீட்டு திருவேங்கடம்.

அணு உலையில் கொதிநீர் ஓடும் குழாய்கள் எப்படி அரிக்கப்படுகின்றன, எங்கே விரிசல் விடுகின்றன என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. திருமழிசைக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரியில், எஃகுத் துண்டுகளை அழுத்தக் கலனில் போட்டு மாதக்கணக்கில் வேகவைத்தாள். வெளியே எடுத்தபோது அவள் ஆசைப்பட்டபடியே கருஞ்சிவப்பாகத் துரு ஏறியிருந்தது. அந்தத் துருவைத்தான் அளக்க வேண்டும். தட்டில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கல்லூரியில் ஆயுத பூஜை. ஆய்வகத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துண்டுகள் எல்லாம் கண்ணாடி போல மின்னின. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு.

"ஒரே துருவா கீது மேடம், சாமி முன்னாடி அப்படியா வெப்பாங்க?" என்றார் உதவியாளர் வேம்புலி, பெருமையாக. "புளித்தண்ணில ஊறப்போட்டுத் தேச்சேன். குங்குமம் நிக்கல, எண்ணெயில கொழைச்சு வெச்சிக்கீறேன்."

"அண்ணா, அது என் பிஎச்.டி.!"

"இன்னும் நல்லா தேய்க்கணுமா மேடம்?"

வாயில் வந்தபடி திட்டிவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். சுண்டலுக்காக வந்த வழிகாட்டிப் பேராசிரியர் ரவிச்சந்திரன் விஷயம் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு, "துருதான் போச்சு, இரும்பு இருக்கே. வெச்சுப் பாரும்மா" என்றார்.

பொட்டைத் துடைத்துவிட்டு நுண்ணோக்கியில் வைத்தாள். துடைத்த பிறகும் மயிரிழை போலச் சிவப்புக் கோடுகள் ஓடின. விரிசல்கள்! துருவுக்கு அடியில் ஒளிந்திருந்தவற்றுக்குள் எண்ணெய்க் குங்குமம் இறங்கியிருந்தது. அவள் எதிர்பார்க்காத இடங்களில்கூட விரிசல் இருந்தது.

துருவை அளக்கும் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. விரிசலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதி ஒரு கருத்தரங்கில் படித்தாள். "அந்தச் சிவப்புச் சாயம் என்ன?" என்று ஒருவர் கேட்டார். சொன்னாள். அரங்கில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்து வேம்புலியிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து நின்றார். "அப்ப நல்லதுதானே பண்ணிக்கீறேன்? அன்னிக்கு அந்தத் திட்டு திட்டுனீங்களே!"

"அது அப்படியே இருக்கட்டும் அண்ணா. திரும்ப எடுத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆய்வகத்துக்குப் புதிதாக வாங்கிய பூட்டை மாட்டினாள்.