ரெண்டரை நட்சத்திர ஸ்பீக்கர்

“நாலாயிரம் பேர் அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்கக்கா. அத்தனை பேருமா கூடிப் பேசிப் பொய் சொல்லுவாங்க?”

“அந்த நாலாயிரம் பேர்ல ஒருத்தருக்காவது நம்ம அப்பா காது இருக்குமாடா?”

“மெதுவாப் பேசு. அவருக்குக் கேட்டுடப் போகுது.”

“கேட்டுட்டா நான் ஏன்டா இந்தப் பாடு படறேன்?”

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவின் அறைக்கதவு சாத்தியே இருந்தது. கூடத்தில் புது ஸ்பீக்கர்கள் இரண்டும், அழையாமல் வந்துவிட்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் விருந்தாளிகளைப் போல நின்றன.

அப்பா இரும்புத் தகடு அடிக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சத்தம் கேட்கும். பேச்சில் வார்த்தைகள்தான் பிடிபடாது. அதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டார். “இப்பல்லாம் யாரு வாயத் திறந்து பேசறாங்க? எல்லாம் மென்னு முழுங்கறாங்க” என்று ஊரையே குறை சொல்வார். வீட்டில் எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகு, தன் பங்குக்கு ஒரு சிரிப்பு சிரித்து வைப்பார். அதுவும் அலுத்துப்போய், இப்போதெல்லாம் சாப்பிட மட்டும்தான் அறையைவிட்டு வெளியே வருகிறார். எப்படியாவது அவரைத் திரும்பக் கூடத்தில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

விமர்சனங்கள் அவளை மயக்கிவிட்டன என்பது உண்மைதான். ‘கண்ணாடி போலத் துல்லியம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘சலங்கையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்கிறது’ என்று இன்னொருவர். வாங்கியாயிற்று. அப்பா ஒரு பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். “நல்லா இருக்கும்மா” என்றார். உப்பில்லாத சாப்பாட்டுக்கும் அவர் அப்படித்தான் சொல்வார். எழுந்து போய்விட்டார்.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த மருந்து வந்தாலும் உள்ளே மடித்துவைத்த தாளைப் பிரித்து, பக்கவிளைவுகளை முதலில் படிப்பாள். மறுநாள் கூட்டமில்லாத நேரத்தில் கைப்பேசியை எடுத்தபோது, ஸ்பீக்கருக்கும் அப்படியே செய்தால் என்ன என்று தோன்றியது. ஐந்து நட்சத்திரங்களைத் தள்ளிவிட்டு ஒற்றை நட்சத்திரங்களுக்கு வந்தாள். திட்டுவதில் மனிதர்கள் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறார்கள்! வேறொரு ஜோடி ஸ்பீக்கரைப் பற்றி யாரோ பொருமியிருந்தார்:

‘பாடுகிறவர் நம் மடியில் ஏறி உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறது. வாத்தியங்கள் எல்லாம் அடுத்த தெருவில். பேச்சைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. காசு தண்டம்.’

அவள் அதை மறுபடி படித்தாள். ஒருவருக்குப் பக்கவிளைவாக வருவதையே இன்னொருவருக்கு மருந்தாகக் கொடுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். முதல் ஜோடியைத் திருப்பி அனுப்பிவிட்டு இதை வரவழைத்தாள்.

“ரெண்டரை நட்சத்திரம்க்கா!” தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். “என் சிநேகிதன் எவனாவது வந்தா, மேல ஒரு போர்வையப் போட்டு மூடிடு.”

“உன்னையும் சேர்த்து மூடிடறேன். ஒயரப் பிடி.”

ஞாயிற்றுக்கிழமை மாலை. வானொலி நாடகம் ஒன்றை ஓடவிட்டார்கள். அப்பாவைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் மறுபடி ஒரு ‘நல்லா இருக்கும்மா’தான் கிடைக்கும் என்று அவளுக்குப் பயம். அவரே தண்ணீர் எடுக்க வந்தார். தம்ளரோடு திரும்பும்போது நடை மெதுவானது. நாடகத்தில் டாக்டர் கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா?”

“விட்டாக்கூடப் பரவாயில்ல டாக்டர். விடிஞ்சதும், நான்தான் விட்டேன்னு என்மேலயே பழியப் போடறார்.”

முதலில் சிரித்தது அப்பா. தம்ளர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது. தம்பி வாயைப் பிளந்துகொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அவர் மெல்ல வந்து சோபா ஓரத்தில் உட்கார்ந்தார். நாடகம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

“இது எத்தனை நட்சத்திரம்டா?”

“ரெண்டரைப்பா” என்றான் தம்பி, ஏதோ தானே பரீட்சையில் கோட்டைவிட்டதைப்போல.

“அப்படி என்ன குறையாம்?”

அக்கா அந்த விமர்சனத்தை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினாள். அப்பா கொஞ்சநேரம் ஈரச் சட்டையை உதறிக்கொண்டிருந்தார்.

“அவனுக்குக் காது நல்லா இருக்குபோல. குடுத்துவச்சவன்.”

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

“என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் இதைத் தேடிக்கிட்டு இருக்காங்களோ” என்றார் அப்பா. “நீயும் அதுல ஒண்ணு எழுதேம்மா. காது மந்தமானவங்களுக்கு இது ஒத்துவரும்னு. யாரோ சொன்னாங்கன்னு போடாத. எங்க அப்பாவுக்குன்னே போடு. என்ன, எழுதுவியா?”